ஒற்றை விதையில் ஓர் இனம்: கேலியோப்சிஸ் டெட்ராஹிட் மறுபடி உருவான நிகழ்வு

எதைப் பற்றிய பதிவு

1920களில் தெற்கு ஸ்வீடனில் தாவர மரபியலாளர் ஒருவர் இரண்டு களைச்செடிகளைக் கலப்புச் செய்தார். வேலை முடிந்தபோது அவர் கையில் மூன்றாவது களைச்செடி ஒன்று இருந்தது. அது புதிய செடி அல்ல. லின்னேயஸ் 1753இலேயே பெயர் வைத்துவிட்ட, வயல் ஓரங்களில் தானாக வளர்ந்துகொண்டிருந்த ஓர் இனம். இயற்கையில் முன்பே இருந்த ஓர் இனத்தை அதன் பெற்றோரிலிருந்து மனிதர் மறுபடி உண்டாக்கிக் காட்டிய முதல் நிகழ்வு இதுவே என்று பாடநூல்கள் சொல்கின்றன. முடிவுகள் 1930இலும் 1932இலும் வெளியாயின.

பாடநூல்களில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும். "பன்மடியத்தால் புதிய இனம் தோன்றும், எடுத்துக்காட்டு கேலியோப்சிஸ்" என்பதோடு சரி. குரோமோசோம் தொகுதிகள் வழக்கமான இரண்டுக்கு மேல் இருப்பதே பன்மடியம். மூன்று இருந்தால் மும்மடியம், நான்கு இருந்தால் நான்மடியம். அந்த இரண்டு வரிக்குள் மலட்டுச் செடி ஒன்றும், வழி தவறிப் பிறந்த மும்மடியச் செடி ஒன்றும், மொத்த உழைப்புக்கும் கூலியாகக் கிடைத்த ஒற்றை விதையும் இருக்கின்றன. என் கவனம் அந்த வழியின் மேல்தான். செய்தவரை இங்கே 'ஆய்வாளர்' என்றே குறிப்பிடுகிறேன்.

பின்புலம்

கேலியோப்சிஸ், தும்பையும் துளசியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த பேரினம். ஓராண்டுச் செடிகள். உதடு போல் பிளந்த பூக்கள், ஒரு பூவுக்கு அதிகம் போனால் நான்கு விதைகள். நம் கதையில் மூன்று இனங்கள் வருகின்றன. கேலியோப்சிஸ் பியூபசென்ஸ் மென்மயிர் கொண்டது, இளஞ்சிவப்புப் பூ. கேலியோப்சிஸ் ஸ்பெசியோசாவுக்கு மஞ்சள் பூ, கீழுதட்டில் ஊதாப் பட்டை. இரண்டுக்கும் உடற்செல்லில் 16 குரோமோசோம்கள். மூன்றாவது கேலியோப்சிஸ் டெட்ராஹிட். அதற்கு 32.

பதினாறின் இரு மடங்கு முப்பத்திரண்டு. இந்த எண்ணைப் பார்த்ததும் எழக்கூடிய ஐயம்தான் ஆய்வின் தொடக்கம். 1917இல் டென்மார்க்கின் ஓய்வின்ட் வின்ங்கே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். இரண்டு இனங்கள் கலக்கும்போது பிறக்கும் செடியில் குரோமோசோம்களுக்குத் தகுந்த இணை கிடைப்பதில்லை. எல்லாக் குரோமோசோமும் ஒருமுறை இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தன் நகலே இணையாகிவிடும், மலட்டுத்தன்மை நீங்கும், புதிய இனம் நிலைபெறும். இந்தக் கருத்து அப்போது வெறும் கருத்து அல்ல என்று காட்டச் சில செடிகள் கிடைத்திருந்தன. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் தோன்றிய பிரிமுலா கலப்பினம் 18 குரோமோசோமோடு மலடாக இருந்தது, பிறகு 36 குரோமோசோம் கொண்ட வளமான வடிவம் அதிலிருந்தே எழுந்தது. 1925இல் கிளாசன், குட்ஸ்பீடு இருவரும் புகையிலைப் பேரினத்தில் 48 குரோமோசோம் இனத்தையும் 24 குரோமோசோம் இனத்தையும் கலந்து 72 கொண்ட வளமான செடியைக் காட்டினர். முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்த கார்ப்பெச்சென்கோவின் ஆய்வும் அதே ஆண்டுகளைச் சேர்ந்தது.

ஆனால் இவையெல்லாம் புதிய செடிகள். இயற்கை இதே வழியில்தான் இனங்களை உண்டாக்கியது என்பதற்கு இவை நேரடிச் சான்று ஆகா. அதற்கு, ஏற்கெனவே இருக்கும் ஓர் இனத்தை எடுத்து, அதன் பெற்றோர் எனச் சந்தேகப்படும் இரண்டு இனங்களிலிருந்து அதையே மறுபடி வரவழைக்க வேண்டும். வந்தது அதே இனம்தான் என்று சோதித்தும் காட்ட வேண்டும். ஆய்வாளர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

ஒரு சொல் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலணுக்கள் உருவாகும்போது குன்றல் பகுப்பு நடந்து குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும். சில சமயம் அது பாதியாகாமல் போய்விடும். அப்படி முழு எண்ணிக்கையோடு வரும் மகரந்தத்தூளையும் அண்டத்தையும் 'குன்றாத கேமீட்' என்று எழுதுகிறேன்.

முதல் கலப்பும் அதன் மலடும்

பியூபசென்ஸ், ஸ்பெசியோசா இரண்டையும் கலந்தபோது செடிகள் வந்தன. இரண்டு பெற்றோருக்கும் 16 என்பதால் பிள்ளைகளுக்கும் 16. வளர்ச்சியில் குறையில்லை. குறை பூக்கும்போது தெரிந்தது. மகரந்தத்தில் பெரும்பகுதி சுருங்கி வெறுமையாக இருந்தது, விதை மிக அரிது.

ஆய்வாளர் எடுத்த முதல் முடிவு இங்கே. மலட்டுக் கலப்பினம் என்று எழுதி ஏட்டை மூடியிருக்கலாம். பல கலப்பு முயற்சிகள் அப்படித்தான் முடிகின்றன. ஆய்வாளர் கிடைத்த சொற்ப விதைகளைச் சேர்த்து விதைத்து இரண்டாம் தலைமுறையை வளர்த்தார். ஏன் என்பதற்கு வின்ங்கேயின் கருத்தே போதிய காரணம். மலட்டுச் செடியில் அபூர்வமாக ஒரு விதை விளைந்தால், அது எப்படி விளைந்தது என்ற கேள்வி எழும். ஒழுங்காகக் குன்றிய கேமீட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு பெற்றோரின் பொருந்தாத கலவையைச் சுமப்பதால் செத்துப்போகின்றன. உயிரோடு மிஞ்சும் சிலவற்றில், குன்றாமல் இரண்டு தொகுதிகளையும் முழுதாகச் சுமப்பவை வழக்கத்துக்கு மாறாக அதிகப் பங்கு பெறும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. மலட்டுத்தன்மை என்பதை நாம் வழக்கமாகக் கதவடைப்பாகப் பார்க்கிறோம். உண்மையில் அது ஒரு சல்லடை. சாதாரணக் கேமீட்டுகளைத் தடுத்து, குன்றாதவற்றை மட்டும் கீழே விடுகிறது. பின்னாளில் திரட்டப்பட்ட கணக்கும் இதே பக்கம் நிற்கிறது. ராம்சே, ஷெம்ஸ்கி இருவரும் 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, கலப்பில்லாத செடிகளில் குன்றாத கேமீட்டுகளின் சராசரி 0.56 விழுக்காடு, கலப்பினச் செடிகளில் 27.52 விழுக்காடு என்று வந்தது. ஏறத்தாழ ஐம்பது மடங்கு. இரண்டு குன்றாத கேமீட்டுகள் தற்செயலாகச் சந்திக்க வேண்டும் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். முதல் எண்ணில் அது இலட்சத்தில் மூன்று, இரண்டாம் எண்ணில் நூற்றில் ஏழெட்டு. இரு கலப்பினங்களுக்கிடையே வேறுபாடு மிகப் பெரிது என்பதால் இந்தச் சராசரியை எந்த ஒரு செடிக்கும் அப்படியே பொருத்தக் கூடாது, ஆனாலும் திசை தெளிவு.

இரண்டாம் தலைமுறையில் ஒரு செடி

இரண்டாம் தலைமுறைச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணியபோது ஒன்று மட்டும் கணக்கில் அடங்கவில்லை. அதற்கு 24. மும்மடியம்.

பதினாறோடு எட்டைச் சேர்த்தால் இருபத்துநான்கு. முதல் தலைமுறைச் செடியின் குன்றாத கேமீட் ஒன்று 16 குரோமோசோம்களோடு வந்திருக்கிறது, குன்றிய கேமீட் ஒன்று 8 கொண்டு வந்திருக்கிறது. எதிர்பார்த்தது 32. கிடைத்தது பாதி வழியில் நின்றுவிட்ட செடி.

அந்தக் காலத்தில் குரோமோசோம் எண்ணுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வேர்நுனியை வெட்டி எடுத்து, பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, பகுப்பின் நடுநிலையில் இருக்கும் ஒரு நல்ல செல் கண்ணில் படும்வரை நுண்ணோக்கியில் தேட வேண்டும். ஒவ்வொரு நாற்றுக்கும் இதைச் செய்வது என்பது பெரிய முடிவு. ஆனால் அது எடுக்கப்படாமல் இருந்தால் அந்த மும்மடியச் செடி, விதை பிடிக்காத இன்னொரு மலட்டுச் செடியாகவே பதிவாகி, பருவ இறுதியில் காய்ந்து போயிருக்கும். வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து அதைப் பிரித்தறிய வழியில்லை என்பதுதான் என் கணிப்பு. கலப்பினத்தின் இரண்டாம் தலைமுறையில் எல்லாச் செடியுமே ஒன்றுக்கொன்று மாறுபட்டுத்தான் நிற்கும்.

மும்மடியத்தை என்ன செய்வது

இதுதான் நிகழ்வின் திருப்பம். மும்மடியம் என்றால் முட்டுச்சந்து என்பது பொதுவான எண்ணம். விதையில்லா வாழைப்பழம் அப்படித்தான் விதையில்லாமல் இருக்கிறது. காரணத்தை எண்ணிக்கையில் பார்க்கலாம். இந்தச் செடியில் எட்டு வகைக் குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் மூன்று படிகள். குன்றல் பகுப்பில் மூன்றில் இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் போகும். எந்தப் பக்கம் எது என்பது குருட்டாம்போக்கு. எட்டு வகையிலும் ஒற்றைப் படியே ஒரு பக்கம் சேர்ந்து முழுமையான 8 அமைய வாய்ப்பு 256இல் ஒன்று. எட்டிலும் இரட்டைப் படி சேர்ந்து முழுமையான 16 அமையவும் அதே 256இல் ஒன்று. ஆக, ஒழுங்கான கேமீட் 128இல் ஒன்றுதான். மற்றவை ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று அரைகுறை எண்களோடு வந்து பெரும்பாலும் பயனற்றுப் போகும்.

ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. குன்றல் பகுப்பு தடுமாறி 24 குரோமோசோமும் ஒரே பக்கம் போய்விட்டால், அந்தக் கேமீட் எப்போதும் முழுமையானது. அதில் எந்த வகையும் குறையாது. மறுபடியும் அதே சல்லடை.

ஆய்வாளருக்கு முன்னால் சில வழிகள் இருந்தன. மும்மடியத்தைத் தன் பூந்தூளாலேயே சேர்க்கலாம், ஆனால் இரு பக்கமும் மோசமான கேமீட் என்பதால் நம்பிக்கை குறைவு. அதை மகரந்தம் கொடுக்கும் செடியாகப் பயன்படுத்தலாம், ஆனால் அரைகுறை எண் கொண்ட தூள்கள் போட்டியில் தோற்கும். மூன்றாவது வழி, மும்மடியத்தைத் தாயாக வைத்து நல்ல மகரந்தம் உள்ள ஓர் இனத்தால் மகரந்தச் சேர்க்கை செய்வது. ஒரு பக்கத்தின் பலவீனத்தை மறுபக்கம் ஈடுகட்டும். அவர் மூன்றாவதைச் செய்தார். பியூபசென்ஸ் மகரந்தத்தை மும்மடியச் செடியின் சூலகமுடியில் இட்டார்.

ஏன் பியூபசென்ஸ், ஏன் ஸ்பெசியோசா இல்லை? இதற்கு விடை பின்னோக்கிப் பார்த்தால்தான் புரிகிறது. பியூபசென்ஸ் தொகுதியை 'ப' என்றும் ஸ்பெசியோசா தொகுதியை 'ஸ' என்றும் வைப்போம். டெட்ராஹிட் என்பது பபஸஸ என்று ஊகித்தால், மும்மடியம் பஸஸ போன்றதாக இருக்கும்போதுதான் பியூபசென்ஸின் 'ப' வந்து கணக்கை நிரப்பும். மும்மடியம் பபஸ போன்றதாக இருந்திருந்தால் கிடைப்பது பபபஸ, அது வேறு செடி. முதல் தலைமுறையின் குன்றிய கேமீட் எட்டில் இரு பெற்றோரின் துண்டுகளும் கலந்தே இருக்கும் என்பதால், சுத்தமான பஸஸ என்றோ பபஸ என்றோ எழுதுவது எளிமைப்படுத்தல்தான். இருந்தாலும் எந்தப் பெற்றோரின் மகரந்தம் என்பது முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிய தேர்வு.

ஒரே ஒரு விதை

பலன் ஒரு விதை.

அந்த விதை முளைத்து வந்த செடியில் 32 குரோமோசோம்கள் இருந்தன. மும்மடியத் தாயின் குன்றாத அண்டம் 24, பியூபசென்ஸ் மகரந்தம் 8.

இந்த விதை பிழைத்தது எவ்வளவு அரிது என்பதை, விதைக்குள் கருவுக்கு உணவூட்டும் கருவூண் திசுவின் பக்கமிருந்து பார்த்தால் தெரியும். பூக்கும் தாவரங்களில் இரட்டைக் கருவுறுதல் நடக்கிறது. வழக்கமான விதையில் கருவூண் திசுவுக்குத் தாயிடமிருந்து இரண்டு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் வரும். இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் கலைந்தால் கருவூண் திசு சரியாக வளராது, கரு பட்டினியில் சாகும். மும்மடியச் செடிகள் இயற்கையில் அதிகம் தோன்றாததற்கு இதுவே முதன்மைக் காரணம். இதை 'மும்மடியத் தடை' என்பார்கள். நம் விதையில் அண்டம் மூன்று தொகுதி என்றால், கருவூண் திசுவுக்குத் தாய்ப்பங்கைத் தரும், கருப்பையின் இரு துருவ உட்கருக்களும் தலா மூன்று தொகுதி, சேர்ந்து ஆறு. தந்தையிடமிருந்து ஒன்று. ஆறுக்கு ஒன்று! இது வழக்கமான கருப்பை வளர்ச்சியை வைத்து நான் போடும் கணக்கு, அந்த விதையை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் கணக்கு சரியென்றால், ஒரு விதை மட்டும் கிடைத்ததில் வியப்பில்லை. ஒன்றாவது கிடைத்ததே வியப்பு.

இந்தப் பேரினத்தின் விதைகளுக்கு உறக்கநிலை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாம் கூடிவந்து ஒரு விதை கையில் இருக்க, அது முளைக்காமல் போயிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

அது அதே இனம்தானா

32 குரோமோசோம் இருப்பதாலேயே அது டெட்ராஹிட் ஆகிவிடாது. ஆய்வாளர் மூன்று வகையில் சோதித்தார்.

தோற்றம் ஒத்துப்போனது. இலை, மயிர், பூவின் அளவும் நிறமும் என்று இயற்கை டெட்ராஹிட்டுக்கும் இதற்கும் பிரித்துச் சொல்லும் வேறுபாடு இல்லை. தாத்தா பாட்டிகளில் ஒருவருக்கு மஞ்சள் பூ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வளமும் இருந்தது. முதல் கலப்பில் கண்ட வெறுமைத் தூள் இங்கே பிரச்சினையாக இல்லை. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தகுந்த இணை இருந்தது.

மூன்றாவது சோதனைதான் தீர்ப்பு. செயற்கை டெட்ராஹிட்டை இயற்கை டெட்ராஹிட்டோடு கலந்தார். அவை தடையின்றிக் கலந்தன, பிள்ளைகளும் வளமாக இருந்தன. மாறாக, பெற்றோர் இனங்களோடு கலந்தால் தடை எழும். இன எல்லை என்பதை எந்த அளவுகோலால் அளந்தாலும் இந்தச் செடி எல்லையின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, மூன்றாவது சோதனையைத் தவிர்க்க எளிதான காரணங்கள் இருந்தன என்பது. தோற்றமும் எண்ணும் பொருந்திவிட்டன. அன்றைய வகைப்பாட்டாளர்களுக்கு அதுவே போதும். ஆனாலும் இன்னொரு பருவத்தைச் செலவிட்டு இனப்பெருக்கத்தையே கேள்வி கேட்டார்.

2011இல் வெளியான மூலக்கூறு ஆய்வு ஒன்று இதே இனங்களை டி.என்.ஏ. கொண்டு மறுபடி பார்த்தது. நான்மடியக் கேலியோப்சிஸ் இனங்கள் இரண்டு வேறு மூதாதைத் தொகுதிகளைச் சுமப்பதையும், அவை பியூபசென்ஸ், ஸ்பெசியோசா வழிவந்தவை என்பதையும் அது உறுதிசெய்தது.

கேமீட் ஏன் குன்றாமல் போகிறது

அந்தக் கால ஆய்வாளருக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரிய வழியில்லை. இன்று ஓரளவு தெரியும்.

குன்றல் பகுப்பு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் இணைக் குரோமோசோம்கள் பிரியும், இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு குரோமோசோமின் இரு நகல் இழைகளான குரோமேட்டிடுகளும் பிரியும். முதல் கட்டம் நடக்காமல் போனாலோ, இரண்டாம் கட்டம் நடக்காமல் போனாலோ, கட்டங்கள் நடந்தும் செல் சுவர் எழாமல் உட்கருக்கள் ஒன்றாகிவிட்டாலோ கேமீட் குன்றாது. இன்னொரு வழி, இரண்டாம் கட்டத்தில் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும், ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்க வேண்டிய இரண்டு கதிர்கோல்கள் இணையாக நின்றுவிடுவது. அப்போது பிரிந்து போனவை மறுபடி ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. உருளைக்கிழங்கில் இதை வளர்ப்பாளர்கள் நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வகங்களில் மாதிரியாகப் பயன்படும் அராபிடாப்சிஸ் செடியில் இதற்குக் காரணமான ஒரு மரபணு 2008இல் அடையாளம் காணப்பட்டது.

வெப்பநிலையும் சேர்ந்துகொள்கிறது. ரோஜாவில் 36 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றியபோது இணைக் கதிர்கோல்கள் தோன்றிக் குன்றாத மகரந்தம் கூடியது. அராபிடாப்சிஸில் குறுகிய நேரக் குளிர் அதையே வேறு வழியில், செல் சுவரைக் கெடுத்துச் செய்தது. பனியுகங்களின் விளிம்பில் பன்மடியச் செடிகள் மிகுந்திருப்பதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. கவரும் முடிச்சுதான், ஆனால் அதை அவிழ்க்க இன்னும் பல வழிகள் இருப்பதால் நான் அதில் சாயமாட்டேன்.

எந்த வழியில் குன்றாமல் போனது என்பது வெறும் நுணுக்கம் அல்ல. முதல் கட்டம் தவறி வந்த கேமீட், தாய்ச்செடியின் வேறுபட்ட மரபணு இணைகளில் சுமார் 80 விழுக்காட்டை அப்படியே கடத்தும் என்பது உருளைக்கிழங்கு வளர்ப்பாளர்களின் கணக்கு. இரண்டாம் கட்டம் தவறியதில் அது சுமார் 40தான். ஒரே 'குன்றாத கேமீட்' என்ற பெயருக்குள் இரண்டு வேறு பரம்பரைகள்.

பின்னர் நடந்தது

வின்ங்கே சொன்னது சரி என்று இந்த நிகழ்வு காட்டியது, ஆனால் அவர் சொன்ன வழியில் அல்ல. கருவுற்ற பிறகு உடற்செல்லில் குரோமோசோம்கள் இரட்டிக்கும் என்பது அவர் நினைத்தது. பிரிமுலாவில் அப்படித்தான் ஆயிற்று. கேலியோப்சிஸில் இரட்டிப்பு கேமீட் வழியாக, அதுவும் இரண்டு தவணையில் வந்தது. கார்ப்பெச்சென்கோவின் முள்ளங்கி–முட்டைக்கோசில் இரு குன்றாத கேமீட்டுகள் ஒரே தவணையில் சேர்ந்து 36ஐக் கொடுத்தன. மூன்று செடி, மூன்று வழி.

1937இல் கால்ச்சிசின் வந்தது. செங்காந்தள் கிழங்கிலும் உள்ள அதே நச்சு. அது கதிர்கோலைக் கலைத்துக் குரோமோசோமை இரட்டிக்கும் என்று பிளேக்ஸ்லீயும் ஏவரியும் காட்டியதும் பன்மடியம் மேசை வேலையாகிவிட்டது. அதன் பக்க விளைவாகப் பல பத்தாண்டுகள் எல்லோரும் பன்மடியம் என்றாலே உடற்செல் இரட்டிப்பு என்று நினைத்தார்கள். 1975இல் ஹார்லன், டி வெட் இருவரும் அதைத் திருப்பிப் போட்டனர். எண்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களில் குன்றாத கேமீட்டுகள் காணப்பட்டதைத் தொகுத்து, இயற்கையின் வழக்கமான வழி இதுவே என்று வாதிட்டனர். அவர்களுக்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே கேலியோப்சிஸ் அதைச் சொல்லியிருந்தது. யாரும் மறைக்கவில்லை. பாடநூல்கள் "குரோமோசோம்கள் இரட்டித்தன" என்று சுருக்கியபோது வழி தொலைந்துபோனது, அவ்வளவுதான்.

இயற்கையில் இதே நாடகம் நடப்பதைப் பிறகு பலர் கண்டார்கள். வட அமெரிக்காவின் மேற்கே, ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய மூன்று டிராகோபோகன் இனங்களுக்கிடையே பிறந்த இரண்டு நான்மடிய இனங்கள் 1950இல் விவரிக்கப்பட்டன. ஸ்காட்லாந்தில் மலட்டு மும்மடியக் கலப்பு மிமுலஸிலிருந்து வளமான அறுமடிய இனம் தோன்றியது 2011இல் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டு பெயரிடப்பட்டது. மும்மடியம் முட்டுச்சந்து இல்லை என்பதற்கு அது இன்னொரு சாட்சி. 2009இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி பூக்கும் தாவரங்களில் இனம் பிரியும் நிகழ்வுகளில் சுமார் 15 விழுக்காடும், பெரணிகளில் சுமார் 31 விழுக்காடும் மடியம் கூடுவதோடு சேர்ந்தே நடந்தவை.

ஆய்வகத்துக்கும் வயலுக்கும் ஒரு வேறுபாட்டைக் குறித்துவைக்க வேண்டும். வயலில் தனியாக முளைக்கும் ஒரு நான்மடியச் செடியைச் சுற்றி இருமடியங்களே நிற்கும். அதன் சூலகமுடியில் விழும் தூளெல்லாம் இருமடியத் தூள், பிறப்பதெல்லாம் மும்மடியம் அல்லது செத்த விதை. சிறுபான்மை தானாகவே அழிந்துபோகும். லெவின் 1975இல் இதை விளக்கினார். நம் நிகழ்வில் அந்த இடரை மனிதக் கை நீக்கியது. டெட்ராஹிட்டுக்கு வேறு துணை உண்டு. அது தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும். ஒற்றை விதையில் தொடங்கும் இனத்துக்கு அந்த ஒரு குணம் இல்லாமல் போயிருந்தால், சோதனைத் தோட்டத்துக்கு வெளியே இந்தக் கதை நடந்திருக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

இன்று செய்தால் எவை மாறும்

முதல் தலைமுறைச் செடியிலேயே மகரந்தத்தை அளப்பேன். குன்றாத தூளின் கன அளவு இரட்டிப்பதால் விட்டம் சுமார் கால் பங்கு கூடும். நுண்ணோக்கியும் அளவுகோலும் இருந்தால் போதும். எந்தச் செடி, எந்தப் பருவத்தில், எந்த வெப்பத்தில் பெரிய தூளை அதிகம் தருகிறது என்று தெரிந்துகொண்டு அந்த நாட்களில் கலப்பு வைக்கலாம். தற்செயலுக்காகக் காத்திருப்பது குறையும்.

நாற்றுகளின் மடியத்தை ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியால் பார்ப்பேன். ஒரு துண்டு இலை போதும், ஒரு நாளில் பல நாற்றுகள் முடியும். ஆனால் அது டி.என்.ஏ. அளவைச் சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது. ஒன்றிரண்டு குரோமோசோம் கூடிக்குறைந்தால் அதில் தப்பிவிடும். எனவே சந்தேகமான செடிகளுக்கு வேர்நுனி எண்ணிக்கை இன்றும் தேவை.

மும்மடியத்தை இரண்டு பெற்றோராலும் தனித்தனியே பின்கலப்புச் செய்வேன். அதன் பூக்களில் பாதி பியூபசென்ஸுக்கு, பாதி ஸ்பெசியோசாவுக்கு. மேலே சொன்ன பபஸஸ, பபபஸ கேள்விக்கு அப்போதுதான் நேரடி விடை கிடைக்கும். அசல் நிகழ்வில் கிடைத்தது ஒரு விதை என்பதால், பியூபசென்ஸ் சரியான தேர்வா, நல்வாய்ப்பா என்பதை அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

கருவூண் திசு கலையும் என்று தெரிந்தே இறங்குவதால், விதை முற்றும்வரை காத்திருக்காமல் இளங்கருவைப் பிரித்து ஊட்டத்தில் வளர்க்கும் கரு மீட்பு முறையைப் பாதிப் பூக்களுக்காவது பயன்படுத்துவேன். மீதிப் பாதியைச் செடியிலேயே விடவேண்டும். எல்லாவற்றையும் மீட்டுவிட்டால் இயற்கையில் எது பிழைத்திருக்கும் என்பது தெரியாமல் போகும்.

கால்ச்சிசின் வழியையும் பக்கத்தில் ஓடவிடுவேன், மாற்றாக அல்ல, ஒப்பீட்டுக்கு. முதல் தலைமுறைச் செடியைக் கால்ச்சிசினால் இரட்டித்தால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அச்சு நகல் கிடைக்கும். குன்றாத கேமீட் வழியில் வந்த செடியிலோ இரண்டு குன்றல் பகுப்புகளின் மாற்றிச் சேர்க்கை, அதாவது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, ஏறியிருக்கும். இரண்டும் 32, இரண்டும் டெட்ராஹிட் போலவே தெரியலாம், ஆனால் அடுத்த தலைமுறைகளில் காட்டும் வேறுபாட்டின் அளவு ஒன்றாக இருக்காது. ஓர் இனத்தின் தொடக்கத்தில் எவ்வளவு வேறுபாடு இருந்தது என்ற கேள்விக்கு இந்த ஒப்பீடு தேவை.

கடைசியாக, ஒவ்வொரு கட்டத்தின் செடியிலிருந்தும் உலர்ந்த மாதிரியையும் இலைத் துண்டையும் எடுத்துப் பெட்டியில் வைப்பேன். மும்மடியச் செடியிலிருந்து குறிப்பாக. அது ஓராண்டுச் செடி, ஒரே செடி. அதன் தொகுதி பஸஸ பக்கம் சாய்ந்ததா பபஸ பக்கமா என்று அறிய விரல் நீள இலை ஒன்று போதும்.